பொழிச்சலூர் என்று அடித்துப் பாருங்கள்

ஜூஸ் கடையோ, டியூஷன் சென்டரோ, பாப்பாவின் முதல் பிறந்தநாள் ஃப்ளெக்ஸோ, கொழுகொழுவென்று கையால் வரைந்த சாயலில் எழுத்து வேண்டுமென்றால் 'பலூ தம்பி 2' போதும். மும்பை ஏக் டைப் குழுவினர் செய்த பலூ குடும்பத்தில் தமிழுக்கானது இது. ரெகுலர் முதல் எக்ஸ்ட்ராபோல்டு வரை ஐந்து தடிமன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், கடைப் பலகைக்கும் தாராளமாகப் போடலாம். இறக்கி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து டைப் செய்வது. எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் அடித்ததைப் பலூவுக்கு மாற்றினால் தமிழ் போய் ஆங்கிலக் கிறுக்கல் வந்து நிற்கும். யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி காப்பி செய்தாலும் சரி.

யூனிகோடே ஆனாலும் போட்டோஷாப் சில சமயம் காலை வாரும். சோதிக்க 'பொழிச்சலூர்' என்று அடியுங்கள். நம் ஊர்ப் பெயரில் எல்லாப் பொறியும் இருக்கிறது. பொ-வின் கொம்பு முன்னால் நிற்கிறதா? ழி, லூ ஒட்டிய எழுத்தாக வருகின்றனவா? இரண்டு புள்ளிகளும் தலைக்கு மேலேயே இருக்கின்றனவா? ஏதாவது சிதறினால் ஃபான்டைத் திட்டாதீர்கள். பழைய பதிப்பென்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' வையுங்கள். இன்னும் பழையதில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றிருக்கும். பிறகு புது ஃபைல் திறந்து அடியுங்கள். இந்த வம்பே வேண்டாமென்றால் இன்க்ஸ்கேப். இலவசம், எந்த செட்டிங்கும் மாற்றாமலே தமிழ் ஒழுங்காக வரும். நான் இப்போது அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

சரியாக வந்ததும் இன்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை உருவமாக்கிவிடுங்கள். அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது. எழுத்துப்பிழையை அதற்கு முன்பே பாருங்கள், பிறகு திருத்த முடியாது.

கடைப் பெயருக்கு எக்ஸ்ட்ராபோல்டு, போன் நம்பருக்கு மீடியம். எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். இழுத்து அகலப்படுத்துவதும் கூடாது. சின்ன அளவில் எக்ஸ்ட்ராபோல்டு போட்டால் ழ, ண எல்லாம் கண் அடைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் கட்டிங், அக்ரிலிக் என்றால் புள்ளி தனித் துண்டாகத்தான் வரும். ஒட்டுகிறவரிடம் எண்ணிக் கொடுங்கள், விழுந்தால் 'பொழிசசலூர'தான்.

ஒரு பலகைக்கு ஒரு விளையாட்டு எழுத்துதான், இரண்டாவதைச் சேர்க்க விடமாட்டேன். கண்ணீர் அஞ்சலிக்கு இது வேண்டாம். வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற நம் அகத்தீஸ்வரர் கோயிலின் சனிப்பெயர்ச்சி நோட்டீசுக்கும் வேண்டாம்.

கடைக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பெரிதாக அடிக்கும்போது ஓரமெல்லாம் பிசிறு தட்டும்.