முதுமையும் புற்றும்: உயிரணுவின் இரு முட்டுக்கட்டைகள்

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. முன்னவரைப் பலரும் காண்பர். பின்னவரைக் காண்பார் அரியர். ஆயினும் வீதி திரும்புமிடத்து இச்சிலரின் கை பிழைக்குமாயின் நேரும் கேட்டை யாவரும் அறிவர். நம் உடலின்கண்ணும் இத்தகைய முட்டுக்கட்டைகள் பல உள. அவற்றுள் இரண்டன் இயல்பு, கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரத்துச் சர்வகலாசாலையில், பத்தாண்டு இடையிட்டு விளங்கலாயிற்று. ஒன்று உயிரணுவின் முதுமையைப் பற்றியது. மற்றொன்று புற்றுநோயோடு உடல் பொரும் போரைப் பற்றியது. அவ்வரலாற்றை மாணவ அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், அரை நூற்றாண்டுக் காலம் அறிஞர் உலகை மயக்கிய ஒரு பிழையைக் கூறல் வேண்டும். 1912-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் அலெக்ஸி கேரல் என்பார் கோழிக்குஞ்சின் கருவிலிருந்து இருதயத் தசையின் சிறு துண்டொன்றை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் இட்டு வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு 34 ஆண்டுகள் நிலைத்தது; வளர்த்தவரோ 1944-இல் அதற்கு முன்னரே மறைந்தார். ஆகவே, தனித்து வளர்க்கப்படும் அணுவுக்குச் சாவில்லை, முதுமை என்பது உடலுக்கேயன்றி அணுவுக்கு உரியதன்று, என யாவரும் நம்பினர். கேரல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் சொல்லை ஐயுறத் துணிந்தார் இலர். தம் கலங்களில் அணுக்கள் இறந்துபட்டபோது, பிறர் தம் கைத்திறனையே நொந்துகொண்டனர்.

பிலடெல்பியாவில் விஸ்டார் கழகத்தில் பணிபுரிந்த லியோனார்டு ஹேப்லிக் என்னும் இளைஞரும் முதலில் அவ்வாறே எண்ணினார். மனிதக் கருவின் அணுக்களை அவர் வளர்க்க, அவை ஏறக்குறைய 50 முறை இரட்டித்தபின் பிரிவதை நிறுத்தின. உணவின் குற்றமோ, கலத்தின் குற்றமோ என்று அறிதற்பொருட்டு, அவரும் மூர்ஹெட் என்பாரும் ஓர் அழகிய சோதனையை இயற்றினர். பலமுறை பிரிந்து முதிர்ந்த ஆண் அணுக்களையும், சிலமுறையே பிரிந்த இளைய பெண் அணுக்களையும் ஒரே கலத்தில் கலந்து வளர்த்தனர். நாட்கள் கழிந்தபின் நோக்க, அக்கலத்தில் பெண் அணுக்களே எஞ்சியிருந்தன. உணவு ஒன்று, கலம் ஒன்று, முதுமை மட்டும் வேறு. ஆகவே கணக்கு அணுவின் உள்ளேயே இருந்ததென்பது தெளிவாயிற்று. இவ்வுண்மை 1961-இல் அச்சேறியது. அதற்குமுன் ஒரு சிறந்த பத்திரிகை அக்கட்டுரையை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. கேரலின் கலத்தில் இட்ட கருச்சாற்று உணவோடு புதிய அணுக்களும் அறியாமற் புகுந்திருக்கலாம் என்று பின்வந்தோர் கருதினர்.

அணு எண்ணுவது எங்ஙனம்? 1971-இல் மாஸ்கோ அறிஞர் ஓலோவ்னிகோவ் ஒரு விடை பகர்ந்தார். சுரங்க ரயில் நிலையத்தில் நின்றபோது அவருக்கு இக்கருத்து உதித்ததாம். தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே அதனைப் படியெடுக்கும் வண்டியொன்றைக் கற்பனை செய்க. நிற்கும் முனையில் தன் அடியிலுள்ள சிறு பகுதியை அதனாற் படியெடுத்தல் இயலாது. அதுபோல, அணு பிரியுந்தோறும் குரோமோசோமின் முனை சிறிது சிறிதாகக் குறுகும். பாய் முடைவோர் ஓரத்தை மடித்துக் கட்டுவர். கட்டாவிடிற் கோரை பிரிந்துபோம். குரோமோசோமின் ஓரக்கட்டாக அமைந்த பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். அது தேய்ந்து முடியுமளவே அணு பிரியும்.

ஆனால் சில அணுக்கள் அக்கட்டை மீண்டும் முடைந்துகொள்கின்றன. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஓரணு உயிரை எலிசபெத் பிளாக்பர்ன் அம்மையார் பெர்க்லியில் ஆராய்ந்து வந்தார். அவருடைய மாணவி கேரல் கிரைடர், 1984-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்று தம் சோதனைப் படத்தை நோக்கினார். ஆறு எழுத்துடைய தொடரொன்று ஏணிப் படிகளேபோல் மீண்டும் மீண்டும் முனையில் சேர்க்கப்பட்டிருந்தது. டெலோமரேஸ் என்னும் நொதி இவ்வாறு வெளிப்பட்டது. இருவருக்கும், ஷோஸ்டாக் என்பாருக்கும் 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்நொதியை எல்லா அணுக்களுக்கும் அளித்தால் முதுமை ஒழியாதோ என்று மாணவர் வினவுவர். கலத்தில் வளர்த்த மனித அணுக்களுக்கு 1998-இல் அதனை அளித்தே பார்த்தனர். அவை எல்லை கடந்து பிரிந்தன. ஆயின் 1994 முதலே அறிஞர் கண்ட உண்மை யாதெனின், மனிதப் புற்றுக் கட்டிகளிற் பெரும்பாலனவற்றில் அந்நொதி விழித்திருக்கின்றது என்பதே. அணுவின் முதுமை, வரம்பின்றிப் பெருகுதலைத் தடுக்கும் ஒரு முட்டுக்கட்டையாகும். அக்கட்டையும் குற்றமற்றதன்று: முதிர்ந்து நின்ற அணுக்கள் கசியவிடும் பொருள்கள் அண்டை அணுக்களைப் புற்றின்பால் தூண்டவும் கூடும் என்று ஜூடித் காம்ப்பிசி அம்மையார் முதலியோர் காட்டியுள்ளனர்.

முதற்கட்டையைத் தாண்டிய புற்றணுவை அழிக்க வல்லவை டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். நம் உடலில் டெலோமரேஸை வேண்டும்போது ஓரளவு கையாளும் சில அணுக்களுள் இவையும் சேரும். பகை கண்டவுடன் பன்முறை பிரிந்து படையாதல் வேண்டுமன்றோ? ஆனால் அப்படை தன் நாட்டையே சூறையாடாதிருக்க அதற்கும் கட்டை உண்டு. சி. டி. எல். ஏ.-4 என்னும் புரதம் அத்தகையது என்பதை ஜேம்ஸ் ஆலிசன் பெர்க்லியில் ஆராய்ந்தார். சிறுவனாயிருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அப்புரதத்தை ஒரு மருந்தால் மறைத்துவிட்டால், டி-அணு புற்றை அழியாதோ என்று எண்ணினார்.

1994-ஆம் ஆண்டின் இறுதியில் லீச் என்பார் அவருடன் இருந்து எலிகளில் இதனைச் சோதித்தார். மருந்து பெற்ற எலிகளின் கட்டிகள் மறைந்தன. ஆலிசன் நம்பவில்லை. விடுமுறை நாட்களிலேயே மீண்டும் செய்வித்து, எக்கூட்டில் மருந்து உண்டு, எக்கூட்டில் இல்லை என்று தமக்குத் தெரியாவண்ணம் குறியிடச் செய்து, தாமே கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன, மனமுடைந்தார். பின்னர்ச் சில கூடுகளில் வளர்ச்சி நின்றது, கட்டிகள் சுருங்கலாயின. கிரைடர் படம் கண்டதற்குச் சரியாகப் பத்தாண்டின் பின், அதே சர்வகலாசாலையில், அதுவும் கிறிஸ்துமஸ் காலமே. 1996-இல் இது வெளியாயிற்று. 2018-இல் ஆலிசனும், பி. டி.-1 என்னும் பிறிதொரு கட்டையை ஆராய்ந்த கியோத்தோ நகரத்து ஹோன்ஜோவும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர்.

இபிலிமுமாப் என்ற பெயரில் அம்மருந்து, பரவிய மெலனோமா என்னும் தோற்புற்றுக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனைப் பெற்றோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர். அங்ஙனம் கடந்தோரிற் பலர் பத்தாண்டும் வாழக் கண்டனர். எஞ்சிய நால்வருக்கு அது போதவில்லை. பயன் பெற்றாருள்ளும் சிலருக்கு, கட்டை நீங்கிய படை குடலையும் தோலையும் ஈரலையும் சுரப்பிகளையும் தாக்கியது. அப்பொழுது மருத்துவர், விழிக்கச் செய்த அவ்வணுக்களையே ஸ்டீராய்டு மருந்தால் மீண்டும் அடக்க வேண்டியதாயிற்று.