திருவிழாக் கூட்டத்தில் அசம்பாவிதம் நடந்தால்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டம் கூடும் எந்த இடத்திலும் இப்படி நடக்கலாம் என்பதால், சண்டிலிப்பாய் சீரணி நாகபூசணி அம்மன் தேருக்குப் போகிறவர்களும் சில விசயங்களை வீட்டிலேயே கதைத்து வைப்பது நல்லது.

குண்டுகள் வெடித்த அன்று பேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றை அரசு முடக்கியது. அதனால் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே முடிவெடுங்கள். கோயில் வாசல் வேண்டாம், நெரிசல் அங்கேதான். சற்றுத் தள்ளித் தெரிந்தவர் வீடு நல்லது. சின்னப் பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

ஆளில்லாத பையைத் தொடவேண்டாம். விலகிப் போய் 119இல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். ஒருவரின் மதத்தை வைத்துச் சந்தேகப்படுவது பெரும் அநியாயம்.

இரத்தம் பீறிட்டால் சால்வையை மடித்துக் காயத்தில் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இலவசம். குண்டு வெடித்த இடத்தை வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள், இரண்டாவது குண்டும் அங்கே இருக்கலாம். ஒழுங்கையை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களை உடனே எடுத்து, அம்புலன்ஸுக்கு வழி விடுங்கள்.