நாற்றங்காலில் நெல்லும் நெல்மெரட்டியும்

வயலில் முளைக்கும் களைகளுள் பலவற்றைக் கண்டவுடன் அறிந்துகொள்ளலாம். கோரையின் அடியை விரல்களால் உருட்டினாலே அதன் மூன்று பட்டைகளும் தட்டுப்படும். நெல்மெரட்டி என்னும் புல்லோ நெல்லோடு நெல்லாக நிற்பது. கதிர் வாங்கிய பின்னரே அது பலருக்குப் புலப்படுகிறது. அதற்குள் பயிருக்கு இட்ட உரத்தில் பெரும்பங்கை உண்டுவிடுகிறது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு வட்டாரத்தில் இவ்விஷயம் சற்று அவசரமானது. தொழிற்சாலைகள் பெருகிய இடத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பழகிய ஆள் கிடைப்பது அரிது. நாற்றைப் பறிக்கும்போதே புல்லை இனங்கண்டு எறிவது மூத்த பெண்களின் கைப்பழக்கம். புதியவர்கள் அதனைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். புல்லும் நாற்றுக் கட்டோடு சேர்ந்து போய்விட்டால், நாமே கூலி கொடுத்துக் களையை நட்டவர்களாவோம்.

நாற்றில் மூன்று இலைகள் வந்தபின் நன்கு விரிந்த இளம் இலை ஒன்றைப் பற்றி, தண்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்து அதனை மெல்ல விலக்குக. உறையும் இலையும் கூடும் இடத்தில், நெல்லாயின், வெண்ணிறமான மெல்லிய சவ்வு ஒன்று நாக்குப்போல் மேல்நோக்கி நிற்கும். அதன் இருபுறமும் மயிர் படர்ந்த சிறு காதுகள் வளைந்து தண்டைத் தழுவியிருக்கும். நெல்மெரட்டியில் நாக்குமில்லை, காதுமில்லை, அவ்விடம் வழுவழுப்பாயிருக்கும். முதிர்ந்த இலைகளில் காதுகள் உதிர்ந்து போவதுண்டு. ஆகையால் அடியிலையைப் பார்த்து ஏமாறலாகாது. நிறத்தையும் உயரத்தையும் நம்புவது அதனினும் வீண். அவை உரத்திற்கும் நீருக்கும் ஏற்ப மாறுபவை.

இப்புல் நெல்லை ஒத்திருப்பதற்குக் காரணம் மனிதனே என்பது வியப்புக்குரியது. நெல்லினின்றும் வேறுபட்டுத் தெரிந்த புற்களையெல்லாம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி எறிந்தனர். ஒத்துத் தோன்றியவை தப்பி விதைத்தன. ருஷ்யத் தாவர அறிஞர் வவிலோவ் விளக்கிய இவ்வகைப் போலிக்கு அவர் பெயரே வழங்குகிறது. சீனாவின் யாங்சி ஆற்றுப்படுகையில் இப்போலி தோன்றி ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் ஆயின என்று 2019இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கூறிற்று. நாம் தானியமாக உண்ணும் குதிரைவாலியும் இப்புல்லுக்கு நெருங்கிய உறவே.

களைநெல்லுக்கு மட்டும் இச்சோதனை உதவாது. அதுவும் நெல்லினமாதலால் நாக்கும் காதும் அதற்கும் உண்டு. கதிர் முற்றுமுன் மணி உதிர்வதைக் கொண்டே அதனை அறிய முடியும். அதற்குத் தூய விதையே காப்பு.

நெல்மெரட்டிக்கு முன்னேற்பாடு உண்டு. நாற்றங்காலை ஒருமுறை நனைத்து, புல் முளைத்தபின் மீண்டும் உழுது சேறாக்கி விதைத்தால் பெரும்பகுதி ஒழியும். வரிசை நடவு செய்தால், இரு வரிசைகளுக்கு இடையே நிற்பது எதுவாயினும் களையே. அங்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

ஏரி வாய்க்கால் கரையில் நிற்கும் புல்லின் விதை நீரில் மிதந்து எல்லோர் வயலுக்கும் செல்வது. அது எவர் பொறுப்பிலும் இல்லாதிருப்பதால் முற்றி உதிர்கிறது. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் நீர் திறக்குமுன், கதிர் பச்சையாயிருக்கும்போதே அதனை அறுத்தெடுக்கும் வேலையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஏற்க வேண்டும். அறுத்த புல் மாடுகளுக்கு நல்ல தீவனம்.