உளத்துயரும் உடல்நோவும்

உயிர், உள்ளம், உடல் என்னும் மூன்றும் தம்முள் எவ்வாறு இயைந்து நிற்கின்றன என்பதனைச் சைவசித்தாந்த நூல்கள் பலபட விரித்துரைக்கின்றன. அவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நம்மருகே துயருறும் ஒருவரை யாம் எங்ஙனம் நோக்குதல் வேண்டும் என்பதனையும் அது தெளிவிப்பதாம். ஆற்றப்படாத துயரொன்று உள்ளத்தே அடங்கிக் கிடப்ப, ஆண்டுகள் சில கழிந்த பின்னரும் அது தலைவலியாகவும், நெஞ்சடைப்பாகவும், கைகால் உளைச்சலாகவும் புறத்தே தோன்றுதல் உண்டு. அந்நோவு மெய்யானதா, வெறுந் தோற்றமா? அதனால் வருந்துவார்மாட்டு நம் கடமை யாது? இவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

காவிரி கடலொடு கலக்குமிடத்தமைந்த பூம்புகார், சைவவுலகம் மறத்தற்கரிய பதியாகும். இயற்பகை நாயனாரும் பட்டினத்தடிகளும் தோன்றியது இப்பதியிலேயாம். பல்லவனீச்சரமும் சாய்க்காடும் இதனைச் சார்ந்த பாடல்பெற்ற தலங்கள். இதனையடுத்த திருவெண்காட்டு இறைவன் திருவருளாற் பிறந்தமையின் சுவேதவனப்பெருமாள் எனப் பிள்ளைத்திருநாமம் பெற்றவரே பின்னர் மெய்கண்டார் என விளங்கினார். சித்தாந்த நெறிக்கு இத்துணை அணுக்கமான இக்கடற்கரையிலேயே நாம் ஆராயப்புகுந்த பொருளுக்குச் சான்றாவதோர் இடர் நம் காலத்தில் நிகழ்ந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை சோழநாட்டுக் கரையை வந்து மோதிற்று. பூம்புகாரை அந்நாளில் தன்னகத்துக் கொண்டிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உடல் கிடைக்கப்பெறாதாரும் உளர். கிடைத்தவற்றுட் பலவும் முறையான சடங்கின்றிப் பொதுக்குழிகளில் இடப்பட்டன. மகவை இழந்த தாய் அம்மகவின் முகத்தை இறுதியாகக் காணவும், சுற்றத்தாரொடு கட்டியழவும் இடம் பெற்றிலள். ஒப்பாரியும் நீர்க்கடனும் எட்டுத்துக்கமும் கருமாதியும் ஆகிய வழிகளெல்லாம் ஒருநாளிலே அடைபட்டுப் போயின. வெளிச்செல்ல வாயிலற்ற துயர் உள்ளேயே தங்கிற்று.

இத்தகைய இடர்ப்பட்டோர் மருத்துவரிடஞ் சென்று, "எனக்கு ஆற்றொணாத் துயர் உளது" என்று கூறுதல் அரிது. "தலை பாரமாயிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, உறக்கமில்லை" என்றே கூறுவர். யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள், ஈழத்துப் போரால் தமிழ்மக்கள் உற்ற உளக்காயங்களை ஆராய்ந்து 1998-இல் நூலொன்று வெளியிட்டவர். அவர்தம் ஆய்வுகளும், துயருற்ற நம் மக்கள் அதனை உடல்நோவாக உணர்தலையும் உரைத்தலையும் எடுத்துக்காட்டுகின்றன.

நம் மொழியே இதற்குச் சான்று பகரும். கைகாலிற் காண்பதும் உளைச்சல். மனத்திற் காண்பதும் உளைச்சலே. நோய் என்னுஞ் சொல் உடற்பிணியையும் உள்ளத்து வருத்தத்தையும் ஒருங்கே குறித்துப் பண்டுதொட்டு வழங்கிவருகின்றது. வயிறெரிதல், நெஞ்சு கனத்தல், இடிந்துபோதல் என்பனவும் உள்ளத்து நிகழ்ச்சியை உடலின்மேல் வைத்துக் கூறும் வழக்குகளே.

இனிச் சித்தாந்தத்தின் துணிபை நோக்குவாம். உடலும், மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் மாயையின் காரியங்கள். தாமாக எதனையும் அறியமாட்டா. அறிவது உயிர் ஒன்றே. காலில் முள் தைத்தவழியும் நோவை அறிவது காலன்று. கருவிகளின் வாயிலாக உயிரே அதனை அறிகின்றது. ஆகவின்றோ ஆழ்ந்த உறக்கத்தில் கருவிகள் ஒடுங்கியபோது, புண் இருந்தும் நோவு தோன்றாதொழிகின்றது? கனவிலோ புறக்கருவிகள் தொழிற்படாதிருந்தும், கொடுவிலங்கு துரத்தக் கண்டவன் உடல் வியர்த்து நெஞ்சு துடிப்ப விழித்தெழுகின்றான். விலங்கு ஆண்டு இல்லை, வியர்வையோ மெய். இதனால், புறத்தே புண்ணில்லாமை நோவின்மைக்குச் சான்றாகாதென்பது பெறப்படும். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. நீங்காத் துயரைச் சார்ந்து நிற்கும் உயிர் அதனிற் றோய்ந்தே நிற்கும். அதன் கருவிகளும் அவ்வழியே இயங்கும்.

இக்கால உடலியலும் இதனொடு மாறுபடுவதன்று. அச்சமும் துயரும் நேருங்கால், மூளையின் ஏவலால், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புக்களைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. கழுத்து, தோள், முதுகு முதலியவற்றின் தசைகள் இறுகுகின்றன. இடர் நீங்கியபின் இவை தணிதல் இயல்பு. துயர் நெடுநாள் நீங்காவிடத்து இந்நிலையும் நீடித்து, உறக்கங் கெட, நரம்புகள் சிறு உறுத்தலையும் பெருநோவாக உணரத் தலைப்படும். நோவை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்தியமைத்த இலக்கணமும், நோவென்பது உணர்ச்சியொடு கூடிய அனுபவம் என்றும், உடற்சிதைவு உள்ளவிடத்தேயன்றி அதனையொத்த வகையிலும் அது நிகழும் என்றும் கூறுகின்றது. நோகின்றது என்பாரது சொல்லை மதித்தல் வேண்டும் என்பதும் அச்சங்கத்தின் குறிப்பு.

ஈண்டு ஒரு தடை நிகழும். "இன்பதுன்பங்கள் பிராரத்த வினையின் பயனாக வருவன, ஐம்பூதங்களால் வரும் துன்பமும் ஆதிபௌதிகம் என நூல்களில் வகுக்கப்பட்டுளது. ஆதலின் துயருற்றார் தம் வினையைத் தாமே நுகர்கின்றனர்; பிறர் செயற்பாலது யாதுளது?" என்பாரும் உளர். அற்றன்று. வினை அறிவற்றது, அதனை உயிர்க்குக் கூட்டுவோன் இறைவனே. எவர்க்கு எவ்வினை எப்பயனைத் தந்தது என அளந்தறிதல் அவனுக்கன்றி நம்மனோர்க்கு இயல்வதன்று. அறியாததனை அறிந்தார்போல, மகவிழந்தாள் முன்னின்று "உன் வினை" என்று கூறுதல் சித்தாந்தமாகாது. புண்ணில் வேல் எறிதலேயாகும். அன்றியும், அவள் நுகர்வது பிராரத்தமாயின், அவள்பால் நாம் சொல்லுஞ் சொல்லும் செய்யுஞ் செயலும் நமக்கு ஆகாமியமாம். வன்சொல் நம் கணக்கில் ஏறும், இன்சொல்லும் அவ்வாறே. வினைக்கொள்கை பிறரை அளக்குங் கோலன்று. நம்மை நாமே திருத்திக்கொள்ளும் கருவியாம்.

மற்றொரு தடை: "மெய்யுணர்ந்தார் அழுவரோ? அழுகை பற்றின் காரியமன்றோ?" எனின், பூம்புகார் தந்த பட்டினத்தடிகளே இதற்கு விடையாவார். பெருஞ்செல்வத்தை ஒருநாளில் துறந்த அவ்வடிகள், ஈன்ற அன்னைக்குத் தீ மூட்டியஞான்று உருகிப் பாடிய பாடல்கள் தமிழுலகில் இன்றும் வழங்குகின்றன. துறவு அவர் வாயை அடைத்ததில்லை. முற்றத் துறந்தார்க்கே துயரைச் சொல்லால் வெளியிடுதல் இழுக்காகாதாயின், இல்லறத்தார் அழுதலை இழித்துரைத்தல் எங்ஙனம் பொருந்தும்? "ஆண்மகன் அழலாகாது" என்று கடலோடியின் கண்ணீரைத் தடுத்தலும், அது முதுகுவலியாய்த் திரும்பியபோது "பாசாங்கு" என்று நகையாடுதலும் ஒருவனுக்கு இருமுறை இழைக்கும் கொடுமையாம்.

ஆயின் நாம் செய்யற்பாலன யாவை? முதற்கண், நோவுடையார் மருத்துவரை அடைதல் வேண்டும். நெஞ்சடைப்பு இதயநோயின் குறியாதலுங் கூடுமாகலின், எல்லாவற்றையும் துயரின் மேலேற்றுதல் இடராய் முடியும். உடற்பிணி இல்லையென மருத்துவர் தெளிந்தபின்னும், "உமக்கு ஒன்றுமில்லை" எனக் கைவிடற்க. மனநல மருத்துவரை நாடுதற்குத் துணைநிற்க. இரண்டாவது, துயருற்றார் பேசுங்கால் இடைமறியாது செவிசாய்த்தல். ஆழிப்பேரலைக்குப் பின்னர்ப் பெங்களூர்த் தேசிய மனநல நிலையத்தார் ஊர்த் தொண்டர்களைப் பயிற்றியதும் பெரும்பாலும் இதற்கேயாம். மூன்றாவது, அடைபட்டுப்போன சடங்கின் வாயிலைத் திறத்தல். ஆடி, தை அமாவாசைகளில் பூம்புகார்ச் சங்கமத்து நீத்தார்கடன் ஆற்றுதலும், டிசம்பர் 26-இல் கரையோர மக்கள் கடலிற் பால் சொரிந்து மாண்டாரை நினைதலும், துயர்க்கு ஓர் இடமும் ஒரு நாளும் வகுத்துக் கொடுப்பனவாம். நான்காவது, வழிபாடு. மூச்சை நெறிப்படுத்தித் திருவைந்தெழுத்தை ஓதுதல் இறுகிய உடலைத் தளர்த்தும். ஈழத்திலும் இத்தகைய மரபுப் பயிற்சிகள் மருத்துவத்திற்குத் துணையாகக் கொள்ளப்பட்டன. எனினும் திருக்கோயில் மருத்துவத்துக்கு மாற்றாக நிற்பதன்று; இரண்டும் இறைவன் அளித்தனவே.

உடலும் கருவியும் உலகும் பொய்யென்று கூறுவது நம் நெறியன்று. உயிர் மலத்தினின்று நீங்குதற்பொருட்டு இறைவன் கொடுத்தருளிய மெய்ப்பொருள்கள் அவை. அவற்றிற் றோன்றும் நோவும் மெய்யே. ஆகலின், "வலிக்கிறது" என்று ஒருவர் கூறியவழி அதனை ஐயுறாது ஏற்று, அருகிருந்து கேட்பதே சித்தாந்தம் பயின்றார்க்கு முதற்கடனாகும் என்க.

திருச்சிற்றம்பலம்.