கரண்டு பில்லை யார் எழுதுகிறார்கள்?

ஏர்பேட்டில் கரண்டு பில் கூடினால் முதலில் திட்டு வாங்குகிறவர், கையில் சின்ன மெஷினோடு ரீடிங் எடுக்க வருகிற பையன். அடுத்தது லைன்மேன். அதற்கும் பிறகு, டீக்கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, இப்போதைய முதலமைச்சரோ முந்தைய முதலமைச்சரோ. இந்த வரிசையில் எங்கும் அடிபடாத பெயர் ஒன்று உண்டு: ஆந்திரப் பிரதேச மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பில்லில் அச்சாகும் விலைக்குக் கையெழுத்துப் போடுவது அதுதான். போடும் முன் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம். கேட்பது நம் காதில் சரியாக விழாததால் ஊருக்குள் சில நம்பிக்கைகள் வேர்விட்டிருக்கின்றன.

“கட்டணத்தை ஏற்றுவதும் இறக்குவதும் சி.எம். கையில்”

பாதி தவறு. 1998-இல் மாநிலம் கொண்டுவந்த மின்துறைச் சீர்திருத்தச் சட்டத்தால் பிறந்தது இந்த ஆணையம். 1999-இல் பழைய மின்வாரியம் உடைக்கப்பட்டது. 2000-இல் விநியோகக் கம்பெனிகள் வந்தன. நம் பக்கத்துக்கான எஸ்.பி.டி.சி.எல். தலைமை அலுவலகம் திருப்பதியிலேயே இருக்கிறது. ஏர்பேட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கம்பெனி அடுத்த ஆண்டுக்கான வரவு செலவு மதிப்பீட்டை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை எல்லாம் முடித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். அரசு யாருக்காவது குறைந்த விலையில் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைக் கம்பெனிக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. 2025-26-க்கு ஆந்திராவின் மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து ஆணையம் அனுமதித்த செலவு சுமார் 57,544 கோடி ரூபாய். அதில் துண்டு விழுந்த 12,632 கோடியை அரசு ஏற்றுக்கொண்டது. ‘கட்டண உயர்வு இல்லை’ என்று வந்த தலைப்புச் செய்திக்குப் பின்னால் இருந்த கணக்கு இது. பில்லில் ஏறாதது வரிப்பணத்திலிருந்து போகிறது.

மீதிப் பாதி சரிதான். ஆணைய உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. பொதுநலக் கொள்கை என்று சொல்லி ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தரவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் வந்த புதிதில், 2000-இல், கட்டணம் உயர்ந்தபோது மக்கள் சட்டசபையை நோக்கித்தான் நடந்தார்கள். அந்த ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஹைதராபாத் பஷீர்பாகில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். உத்தரவு ஆணையத்துடையது என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

“பொது விசாரணை வெறும் கண்துடைப்பு”

இதைச் சொல்கிறவர்கள் 2021-ஐக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்ட் கடைசியில், 2014 முதல் 2019 வரையிலான விநியோகச் செலவில் விடுபட்டது என்று 3,669 கோடி ரூபாயை மக்களிடம் வசூலிக்க ஆணையம் அனுமதித்தது. அதில் 3,060 கோடி எஸ்.பி.டி.சி.எல். பங்கு. தெலுங்குப் பத்திரிகைகள் ‘சர்துபாட்டு’ என்றும் அதிகாரிகள் ‘ட்ரூ-அப்’ என்றும் சொல்லும் அந்தக் கூடுதல் கட்டணம், பில்லில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வந்து உட்கார்ந்தது. நேற்று குடிவந்த வாடகைக்காரர் ஏழு வருஷம் முன்பு அதே வீட்டில் யாரோ ஓட்டிய ஃபேனுக்குப் பணம் கட்டினார்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பத்திரிகையில் முறையாகப் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்கவில்லை என்று விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆணையம் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றது. வாங்கிய பணத்தை அடுத்தடுத்த பில்களில் கழிக்க வேண்டி வந்தது. பிறகு அறிவிப்புக் கொடுத்து, விசாரணை நடத்தி, 2022-இல் மறுபடி உத்தரவு போட்டபோது தொகை சுமார் 2,910 கோடியாக இறங்கியிருந்தது. அதையும் ஒரே மூச்சில் வாங்காமல், 36 மாதத் தவணையில், நம் பகுதியில் யூனிட்டுக்கு 22 பைசா வீதம் வாங்கச் சொன்னார்கள். அறிவிப்பில்லாத கணக்குக்கும் அறிவிப்போடு பார்த்த கணக்குக்கும் வித்தியாசம் 750 கோடிக்கு மேல். கண்துடைப்புக்கு இவ்வளவு விலை இருக்காது.

கம்பெனி கேட்டது அப்படியே கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 2022-23-இன் எரிபொருள், மின்கொள்முதல் செலவு வித்தியாசம் என்று கம்பெனிகள் 8,114 கோடி கேட்டன. 2024-இல் ஆணையம் அனுமதித்தது சுமார் 6,073 கோடி. நமக்கு அதுவும் அதிகம்தான், மறுக்கவில்லை.

விசாரணையின் உண்மையான குறை வேறு இடத்தில். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் அட்டவணைகள். படிக்க ஒரு மாதம்கூடக் கிடைப்பது சிரமம். அதனால் வருஷா வருஷம் அதே சில முகங்கள்: ஹைதராபாத் மின்சார ஆய்வு மையத்தின் வேணுகோபால ராவ் மாதிரி விடாப்பிடிக்காரர்கள், ஆலை முதலாளிகள் சங்கங்கள், கட்சிக்காரர்கள், ஒருசில விவசாயச் சங்கங்கள். ஏர்பேட்டுக்காரர் யாரும் பேசக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அண்மை ஆண்டுகளில் காணொளி வழியாகவும் பேச விடுகிறார்கள்.

தமிழ்நாட்டைப் பார்த்தால் இந்த விசாரணையின் அருமை புரியும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் மக்கள் கருத்துக் கேட்டு, செப்டம்பர் 10-இல் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதே உத்தரவில், இனி ஜூலை தோறும் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து கட்டணம் தானாகவே ஏறலாம் என்றும் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகான உயர்வுகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை.

“ஒருமுறை வாங்கிய பணம் திரும்பி வராது”

வரும், மெதுவாக. 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் மாதாமாதம் யூனிட்டுக்கு 40 பைசா வரை தாமாகவே கூட்டிக்கொள்ளலாம். ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கப்படும். 2024-25-க்கு அப்படிப் பார்த்ததில் கூடுதலாக வாங்கியது 923 கோடி என்று தெரிந்தது. 2025 நவம்பரிலிருந்து யூனிட்டுக்கு 13 பைசா குறைக்கச் சொன்னது ஆணையம். ஏறும்போது கவனித்த கண்கள் இறங்கும்போதும் பில்லைப் பார்ப்பது நல்லது.

“ஒரு யூனிட் தாண்டினால் மொத்த பில்லும் மாறிவிடும்”

ஒரு காலத்தில் உண்மை. வீட்டு இணைப்புகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்த நாட்களில் எல்லை தாண்டியவருக்கு முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும். 2022 உத்தரவில் அந்த வகுப்புகள் போயின. முதல் 30 யூனிட்டுக்கு 1.90, அடுத்த 45-க்கு 3 ரூபாய், அதற்கு மேல் 125 வரை 4.50. அதாவது 75 யூனிட்டுக்கு 192 ரூபாய். 76-ஆவது யூனிட்டுக்குக் கூடுவது நாலரை ரூபாய் மட்டும். மற்றபடி பில்லை வீங்க வைப்பவை, அதன் கீழே தனித்தனியாக வரும் கூடுதல் கட்டணங்கள்.

“பம்ப்செட்டில் மீட்டர் மாட்டினால் இலவசக் கரண்டு போச்சு”

2004 மே 14-ஆம் தேதி ராஜசேகர ரெட்டி முதலமைச்சராகப் பதவியேற்ற மேடையிலேயே கையெழுத்துப் போட்ட திட்டம் இது. அதை நிறுத்த ஒரு அரசுக்கு மீட்டர் தேவையில்லை, ஒரு உத்தரவு போதும். தொடர மீட்டர் தடையும் இல்லை. ஆனாலும் விவசாயியின் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2020-இல் மீட்டர் திட்டம் ஸ்ரீகாகுளத்தில் முன்னோட்டமாக வந்தபோது, மத்திய அரசு கூடுதல் கடனுக்கு வைத்த நிபந்தனைகளும் கூடவே வந்தன. சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது.

மீட்டர் இல்லாததால் யாருக்கு லாபம் என்பதையும் கேட்க வேண்டும். ஸ்வர்ணமுகிக் கரையில் ஒரு போர் ஒரு நாளில் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. மாதிரிக்குச் சில டிரான்ஸ்ஃபார்மர்களில் அளந்து, மொத்த பம்ப்செட் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். இந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் திருட்டும் கம்பி இழப்பும் விவசாயி தலையில் எழுதப்படும். அதற்கு மானியமும் கேட்கலாம். சீர்திருத்தக் காலத்தில் அளந்து பார்த்த பல மாநிலங்களில், ஆந்திரா உட்பட, இழப்பு ஏட்டில் காட்டியதைவிட மிக அதிகம் என்று வெளிவந்தது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு பம்ப்செட்டிலும் வேண்டாம். விவசாய டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றிலும் மாட்டி, அந்த ரீடிங்கை ஊர் சச்சிவாலயச் சுவரில் ஒட்டட்டும்.

“பெரிய ஒப்பந்தமெல்லாம் நமக்கெதுக்கு?”

பில்லின் பெரும்பங்கு மின்சாரம் வாங்கும் செலவு. லைன்மேன் சம்பளமும் கம்பமும் கம்பியும் அதற்கு அப்புறம்தான். 2021 டிசம்பர் 1-ஆம் தேதி ஆந்திரா, மத்திய அரசின் சூரிய சக்தி நிறுவனத்தோடு 7,000 மெகாவாட்டுக்கு, யூனிட் 2.49 ரூபாய்க்கு, 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்த நிறுவனத்தின் கடிதம் செப்டம்பரில் வந்த மறுநாளே அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது என்று செய்திகள் வெளியாயின. 2024 நவம்பரில் இதையொட்டி அதானி குழுமத்தவர் மீதான லஞ்சக் குற்றச்சாட்டு அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. அதானி குழுமமும் அன்று ஆண்ட கட்சியும் மறுத்தன. எது உண்மை என்பது நீதிமன்றத்தின் வேலை. ஒரு வருஷக் கட்டணத்துக்கு 120 நாள் யோசிக்கிற ஏற்பாட்டில், 25 வருஷச் சுமைக்கு முதல் தலையாட்டல் ஒரு நாளில் கிடைத்தது ஏன் என்று கேட்பது நம் வேலை. ஒப்பந்தங்களுக்கும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் அறிவிப்பு வரும். படிக்கிறவர்கள்தான் இல்லை.

“டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்”

நெல் கதிர் வாங்கும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தால் கிராமங்களில் நடப்பது தெரிந்ததுதான். தலைக்கு இவ்வளவு என்று வசூல், டிராக்டர் வாடகை, செயின் பிளாக் போட்டு இறக்க நாலு ஆள், ஆயில் சொட்டச் சொட்ட ரிப்பேர் ஷெட்டுக்குப் பயணம். பயிர் காயும்போது சட்டம் பேச யாருக்குப் பொறுமை? ஆனால் ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி கிராமத்தில் எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை 48 மணி நேரத்துக்குள் மாற்றுவது கம்பெனியின் கடமை. கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அதில் அடக்கம். தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு.

1912-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி எழுதிவையுங்கள். நேரம் எண்ணப்படுவது அதிலிருந்துதான். வாய்வார்த்தையாக லைன்மேனிடம் சொன்னது எந்த ஏட்டிலும் ஏறாது. தீராவிட்டால் திருப்பதியில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. அங்கும் திருப்தி இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளர்.

அடுத்த கட்டண மனு நவம்பர் கடைசியில் வரும். ஆட்சேபணை எழுத இரண்டு பக்கம் போதும், தெலுங்கில் எழுதலாம். ஒரு பிரதியைத் திருப்பதியில் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு இன்னொன்றை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கேள்வி, அவர்கள் பதில், ஆணையத்தின் கருத்து மூன்றும் உத்தரவில் அச்சாகும். எதை எழுதுவது என்று யோசிப்பவர்கள், தங்கள் ஃபீடரில் போன வருஷம் எத்தனை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது, எத்தனை 48 மணி நேரத்துக்குள் மாறியது, எத்தனை பேருக்கு இழப்பீடு கொடுத்தார்கள் என்று கேட்டு ஆரம்பிக்கலாம்.