எல்லோரும் பந்தை நோக்கி ஓடினால்

வன்னிக்கு உதைபந்தாட்டம் நன்கு பழகிய விளையாட்டு. அமெரிக்கன் ஃபுட்போல் அப்படியல்ல. 2012-இல் ஆரம்பித்த இந்திய லீக் ஒன்றில் ‘கொழும்பு லயன்ஸ்’ என்ற அணி இருந்தது பலருக்குத் தெரியாது. ஆனால் கனடாவிலுள்ள உறவுகளின் பிள்ளைகள் ஆடும் காணொளிகள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்கின்றன. கூடவே சில தப்பான எண்ணங்களும் வருகின்றன.

நம்பிக்கை: கிக்-ஓஃபில் பந்தை எதிரணியிடம் உதைத்ததும், உதைத்த அணியினர் எல்லோரும் பந்து வைத்திருப்பவனை நோக்கிப் பாய வேண்டும்.

உண்மை: மைதானத்தின் அகலம் 53 யார் தூரத்துக்கும் மேல். அத்தனை பேரும் நடுவில் குவிந்தால் ஓரம் திறந்துவிடும். அதனால் பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதையைப் பிரித்துக் கொடுக்கிறார். இரண்டு ஓரத்திலும் ஓடுபவர்களின் முதல் வேலை, பந்துடன் வருபவனை வெளியே விடாமல் உள்ளுக்குத் திருப்புவது. யாராவது குறுக்கே மறித்தால் விலகிப் போய், உடனே தன் பாதைக்குத் திரும்ப வேண்டும். கிட்ட நெருங்கியதும் எட்டைக் குறுக்க வேண்டும். முழு வேகத்தில் வருபவனை உடம்பை ஒரு பக்கம் அசைத்தே ஏமாற்றிவிடலாம். பின்னால் ஒருவர், பெரும்பாலும் உதைத்தவரே, கடைசிக் காவலாக இருப்பார்.

நம்பிக்கை: தலையைக் கொடுத்து மோதுபவனே வீரன்.

உண்மை: தலை நிமிர்ந்திருக்க வேண்டும், மோதுவது தோள். கிக்-ஓஃப் மோதல்களின் ஆபத்தை எண்களே காட்டுகின்றன: 2015-இல் அமெரிக்காவின் ஐவி லீக் பல்கலைக்கழகப் போட்டிகளில் கிக்-ஓஃப்கள் மொத்த நகர்வுகளில் 6 வீதம்தான். மூளை அதிர்ச்சிகளிலோ 21 வீதம். 2016-இல் உதைக்கும் இடத்தை 35 யார்க் கோட்டிலிருந்து 40-க்கு நகர்த்தினார்கள். பந்து தூரம் போய் விழுந்ததால் திருப்பி ஓடுவது குறைந்தது. ஆயிரம் கிக்-ஓஃப்களுக்கு 10.93 ஆக இருந்த அதிர்ச்சிகள் 2.04 ஆக இறங்கின. தேசிய லீக்கான என்.எஃப்.எல். 2024-இல் விதியையே மாற்றியது: உதைத்தவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்க் கோட்டில் நின்று, பந்து நிலத்தில் விழும்வரை அல்லது எதிரணி வீரர் தொடும்வரை அசையாமல் இருக்க வேண்டும். மோதல் குறைந்தால் விளையாட்டுக் கெட்டுவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நம்பிக்கை: இதற்கும் எங்கள் மைதானங்களுக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: கோர்னர் அடித்துவிட்டுப் பந்தைப் பறிகொடுக்கும் பாடசாலை அணியைப் பாருங்கள். எல்லோரும் பந்தின் பின்னால் ஓட, மறு ஓரம் வெறுமையாகக் கிடக்கும். மருந்து இதேதான். கோன்கள் வைத்து நான்கு பாதைகள் பிரியுங்கள். முதலில் நடக்கவிடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். பந்துடன் வருபவனை விழுத்த வேண்டாம், இரு கையால் தொட்டால் போதும். கோடையில் காய்ந்து இறுகிய நிலத்தில் பிள்ளைகளை மோதவிட்டுப் பழக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பந்துடன் வருபவன் ஓரத்தால் தப்பிவிட்டால், கடைசியாகத் தொடத் தவறியவனைக் கண்டிக்காதீர்கள். பாதையை விட்டு முதலில் விலகியவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.