பெருநகரக் கல்லூரியில் நம் கடற்கரைப் பிள்ளைகள்



மேனிலைத் தேர்வு முடிந்ததும் நம்மில் பலர் மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் மேற்படிப்புக்குச் செல்கிறோம். மதிப்பெண் போதுமா, கட்டணம் எவ்வளவு என்று ஆராயும் நாம், அங்கே யாரோடு உண்போம், யாரோடு பேசுவோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு நம் பள்ளியை விட்டுச் சென்ற ஒரு மாணவி, பொங்கல் விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். விடுதியில் அவர் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் அறைத்தோழியர் சன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்தனராம். பிறகு அவர் பேசுவது போலவே பேசிக் காட்டினராம். கேட்பவருக்கு இது சிறு செய்தி. பதினேழு வயதில் அது சிறிதன்று.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் ஒருவர் உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தபின் 1950இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. அந்நாளில் தீவை விட்டுச் செல்ல இரயில் அல்லது படகு. விடுதி அறையில் அவருடன் இருந்தவர்கள் இருவர்: திருவரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூவரும் மகிழ்ந்து வாழ்ந்ததாக அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் கூறுகிறார்.

மூன்றாம் ஆண்டில் அவரைச் சைவ மெஸ்ஸின் செயலாளராக்கினர். மீன் மணக்கும் தீவில் வளர்ந்த மரக்காயர் வீட்டுப் பிள்ளை சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர்! ஒரு ஞாயிறன்று அவர்கள் கல்லூரி அதிபர் தந்தை களத்தில் அவர்களை விருந்துக்கு அழைத்து, அவரவர் ஊர்ப் பதார்த்தங்களைச் சமைத்துப் படைத்தனர். தந்தை மனமாரப் பாராட்டினார். எங்கள் எண்ணம் இதுவே: ஒருவர் தம்மை மாற்றிக்கொண்டதால் அன்று, எல்லாருக்கும் பயன்படும் வேலையொன்றைக் கையில் எடுத்ததால்தான் அவ்விடம் அவர்க்குச் சொந்தமாயிற்று.

பின்னர் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. தமக்கை சோரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கும் ஆங்கிலத்திலேயே படிப்பு. எனினும் தமிழ்ச் சங்கக் கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவனிடம் முதற் பரிசு பெற்றார்.

"ஆண்பிள்ளைக்கு எளிது" என்பீர்கள். அதுவும் மெய்யே. ஆயினும் அண்டையூரான புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி அம்மையார் 1907இலேயே சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் பட்டம் பெற்றாரே! அவர்க்கு உடன்படித்த பெண்கள் மிகச் சிலரே.

ஆகவே செல்லும் முதல் மாதத்திலேயே உணவுக் குழுவிலோ, தமிழ் மன்றத்திலோ, நாட்டு நலப்பணித் திட்டத்திலோ பெயர் கொடுங்கள். நம் மாவட்டத்து அக்காமாரைத் தேடிக் கொள்வதும் நல்லதே. ஆனால் அவர்களோடு மட்டுமே இருந்துவிட்டால் மற்றவரை அறிய வழியே இராது. ஆங்கிலம் தடுமாறினால் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். சிரிப்பவர் ஓரிருவர்தாம், அவர்களுக்கும் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

அந்த மாணவியோடு நாங்கள் இரண்டு நாள் பேசினோம். பத்து நாள் கழித்து அவர் இரயிலேறினார். இம்முறை கருவாட்டை வறுத்துப் பொடியாக்கி, அறைத்தோழியருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்ததாக அவர் தாயார் கூறினார்.